ஈக்வேஷன் பேலன்ஸ் பண்றப்போ ஆக்சிஜன கடைசில வைங்க

டென்த், பிளஸ் ஒன் பசங்க நிறைய பேர் கெமிஸ்ட்ரி ஈக்வேஷன பேலன்ஸ் பண்றப்போ, அதாவது ரெண்டு பக்கமும் அணு எண்ணிக்கைய சமமாக்கறப்போ, முதல்ல ஆக்சிஜன்லதான் கைய வைக்கறாங்க, சிக்கலே அங்கதான், ஏன்னா எரியற ரியாக்‌ஷன்ல ஆக்சிஜன் வலதுபக்கம் ரெண்டு எடத்துல, கார்பன் டை ஆக்சைடுலயும் தண்ணிலயும், வரும், ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு கலைஞ்சுடும். கேஸ் சிலிண்டர்ல இருக்கற பியூட்டேன் எரியறத எடுத்துக்கோங்க. ஒரு பியூட்டேன்ல கார்பன் 4, ஹைட்ரஜன் 10. அப்போ கார்பன் டை ஆக்சைடு 4, தண்ணி 5, இது ரெண்டும் தானா வந்துடும். இப்போ வலதுபக்கம் ஆக்சிஜன் அணுவ எண்ணுங்க, 8ம் 5ம் 13. ஆக்சிஜன் ஜோடியாத்தான் வரும்ங்கறதால இடதுபக்கம் ஆறரை மூலக்கூறு வேணும். அந்த அரைய பாத்து பயந்து அழிச்சிடாதீங்க ப்ளீஸ், மொத்தத்தையும் ரெண்டால பெருக்குங்க: பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணி 10. அவ்ளோதான்.

இன்னொண்ணு, அணு பத்தலன்னு ஃபார்முலாவுக்குள்ள இருக்கற குட்டி நம்பர தொடவே கூடாது. தண்ணில ஒரு ஆக்சிஜன் கூட சேத்தா அது ஹைட்ரஜன் பெராக்சைடு, காயத்துல ஊத்தினா நுரைக்குமே அது, பொருளே மாறிப்போச்சு. முன்னாடி போடற நம்பர மட்டும் மாத்துங்க. முடிச்சதும் ரெண்டு பக்கமும் எண்ணி பாருங்க, இதுல கார்பன் 8, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 26 வரணும்.