மூட்டை கட்டிவிட்டுச் செய்கிற ஜெபம்

ஞானத்துக்காக ஜெபிப்பது என்றாலே நம் சபைகளில் சாலொமோன் ராஜாதான் வருவார். கிபியோனில் ஆயிரம் சர்வாங்க தகனபலி, இராத்திரி சொப்பனம், ஐசுவரியம் கேட்காமல் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டது, எல்லாம் ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்கிற கதை. எனக்கென்னவோ வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 42, 43 அதிகாரங்களில் வருகிற யோகனானின் கூட்டம்தான் அச்சு அசலாக நம்மைப் போல இருக்கிறது.

எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா அதிகாரியாக வைத்த கெதலியாவை இஸ்மவேல் என்பவன் கொன்றுபோட்டான். இனி கல்தேயர், அதாவது பாபிலோனியர், வந்து நம்மைத்தான் பிடிப்பார்கள் என்கிற பயத்தில், மீதியிருந்த ஜனங்கள் கரேயாவின் மகன் யோகனானோடு எரேமியாவிடம் வந்து, நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தர் காட்டும்படி ஜெபியும் என்று கெஞ்சுகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்கு வேறு கொடுக்கிறார்கள், எவ்வளவு தாழ்மை பாருங்கள்! பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே, "நீ பொய் சொல்லுகிறாய்." அதோடு விட்டார்களா, உன் எழுத்தன் பாருக்குதான் உன்னை ஏவிவிட்டான் என்று அவன் தலையிலும் ஒரு பழி. (பாஸ்டர் காதில் யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.) கடைசியில் எரேமியாவையும் கூட்டிக்கொண்டே எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் இப்படி என்று பார்க்க 41ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களுக்குப் போகவேண்டும். எரேமியாவிடம் வருவதற்கு முன்பே அவர்கள் எகிப்துக்கென்று கிளம்பி, பெத்லகேம் பக்கத்தில் வந்து தங்கியிருந்தவர்கள். அவர்கள் வழி கேட்க வரவில்லை, வழியனுப்பி வைக்கச் சொல்லி வந்தார்கள்.

நாம் மட்டும் என்ன? மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, "ஆண்டவருடைய சித்தம் தெரியணும், ஜெபிச்சுக்கோங்க ஐயா" என்று குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, வந்த வசனம் கொஞ்சம் கண்டிப்பாக இருந்துவிட்டால் வீட்டில் பிள்ளை எடுத்த அட்டையை எட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஜெபத்தில் மட்டும் நான் தூசி, நான் புழு, நான் ஒன்றுமில்லை என்று உருகுவோம். அந்த வார்த்தைகள் தப்பில்லை, ஆனால் முடியாது என்ற பதிலுக்கு அதில் ஒரு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அந்த இடம் இல்லையென்றால் எவ்வளவு உருகினாலும் அது தாழ்மை ஆகாது என்பது என் எண்ணம்.

அதற்காக, ஆசையே இல்லாதது போல நடிக்கவேண்டும் என்றும் இல்லை. சிலுவைக்கு முந்தின இராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு தாம் விரும்பியதை மறைக்கவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று பச்சையாகவே கேட்டார், முகங்குப்புற விழுந்து கேட்டார், மறுபடியும் போய்க் கேட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் உம்முடைய சித்தம் என்று பிதாவின் கையிலேயே விட்டுவிட்டார். சாலொமோனும் அப்படித்தான். சிங்காசனத்தில் உட்கார்ந்தாயிற்று, பார்வோன் மகளைக் கட்டியாயிற்று, அதற்கப்புறமும் "போக்குவரவு அறியாத சிறு பிள்ளை" என்று சொல்ல அந்த மனுஷனுக்கு முடிந்தது. பின்னாளில் அவர் என்ன ஆனார் என்பது வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

யாக்கோபு 1:5ல் எனக்குப் பிடித்தது, ஞானம் கேட்கிறவனைத் தேவன் கடிந்துகொள்ளமாட்டார் என்பது. இதுகூடத் தெரியாதா என்று கேட்கிற ஆள் இல்லை அவர். அப்புறம் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு போய் நிற்பானேன்?

இப்போதெல்லாம் ஜெபிக்கச் சொல்லி யாராவது வந்தால், அட்வான்ஸ் கொடுத்தாச்சா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சில பேருக்குக் கோபம் வருகிறது.