டியாகோ கார்சியா துண்டறிக்கை: வேலூர்க் குறிப்புகள்

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஹிரோஷிமா நாளுக்கு இந்த வருடமும் தெருமுனைக் கூட்டம் உண்டு. எப்போதும் அணுகுண்டைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இந்த முறை அந்நியப் படைத்தளங்களைப் பற்றி, அதுவும் நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்றேன். "பக்கத்துலயா? எங்க கீது?" என்றார் அச்சகத்து அண்ணன். டியாகோ கார்சியா, சாகோஸ் தீவுகளில் ஒன்று, அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற இடம். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குப் போகிற தூரம்கூட இல்லை. துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஜூலை 8

எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்கமாட்டேன் என்கிறது. மொரீஷியசுக்கு 1968இல் விடுதலை. அதற்கு மூன்று வருடம் முன்பே சாகோஸ் தீவுகளைத் தனியாகப் பிய்த்து வைத்துக்கொண்டது பிரிட்டன். கொடுத்த விலை 30 லட்சம் பவுண்டு. படைத்தளத்துக்காக 1966இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம், வாடகை கிடையாது. பதிலுக்கு, பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணை விலையில் ரகசியமாக 1.4 கோடி டாலர் தள்ளுபடி.

அங்கே ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். தென்னந்தோப்பும் கொப்பரையும்தான் பிழைப்பு. இவர்கள் ஒப்பந்தக் கூலிகள், நிரந்தரக் குடிகள் கிடையாது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள் அதிகாரிகள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பிவரக் கப்பல் இல்லை. 1973க்குள் மொத்தத் தீவுகளும் காலி. 1,500க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை 1971இல் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். நாய் விஷயம் துண்டறிக்கைக்கு வேண்டாம் என்றார் ஒரு தோழர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 10

சிப்பாய்ப் புரட்சி நாள். மக்கானில் நினைவுத் தூணுக்கு மாலைகள் விழுந்தன. 1806 என்றால் தலைப்பாகைச் சண்டை என்றே நம் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். திப்புவின் பிள்ளைகள் அப்போது கோட்டைக்குள் காவலில் இருந்ததை யாரும் பேசுவதில்லை. பத்து வருடம் கழித்து அதே கோட்டைக்குக் கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் கொண்டுவந்தார்கள்; 1832இல் இங்கேயே இறந்தார். சமாதி பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில். தீவைப் பிடிக்கிறவர்கள் தீவுக்காரர்களைக் கப்பலேற்றிவிடுவது அன்றைக்கே இருந்த வழக்கம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் தெரிந்த அக்காவிடம் வரைவைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் அம்பது வருசத்துக் கதையாக் கிடக்கு தம்பி. எங்கட ஆக்கள் அங்க கிடந்தது எங்க?" என்றார்.

சரிதான். 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய படகு நடுக்கடலில் பழுதாகி, அதிலிருந்த 89 பேரும் டியாகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் ஈழத்தமிழர்கள், குழந்தைகளும் உண்டு. வேலி போட்ட இடத்தில் கூடாரங்கள், உள்ளே எலிகள். உண்ணாவிரதம் இருந்தார்கள், சாக முயன்றவர்களும் உண்டு. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு அழைத்துப்போனார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னதும் அதே மாதம்தான்.

என்னை உட்காரவைத்தது வேறொன்று. இந்த வழக்குக்காக 2024 ஜூலையில் தீவிலேயே விசாரணை நடக்க இருந்தது. பெயருக்கு பிரிட்டிஷ் மண், பிரிட்டிஷ் நீதிமன்றம். ஆனால் அமெரிக்கா அனுமதி மறுத்ததால் தள்ளிப்போய், செப்டம்பரில்தான் நடந்தது. துண்டறிக்கையின் முதல் பத்தி இனி இதுதான்.

ஜூலை 15

கூட்டத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்தாயிற்று. "படைத்தளமா? இதுக்கு எந்தக் கட்சி?" என்றார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நல்ல சண்டை. கம்மவான்பேட்டையிலிருந்து சுபேதார் ஐயா வந்திருந்தார். வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் அது. "அமெரிக்காக்காரன் போனா சீனாக்காரன் வந்து குந்துவான். அப்ப இன்னா பண்ணுவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. யாருமே குந்தக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது என்றேன். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்கும் தீர்மானம், இலங்கை முன்னின்று கொண்டுவந்தது. நிறைவேறிய தேதி 1971 டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் சரணடைந்த அதே நாள் என்றதும் ஐயா முகத்தில் சிரிப்பு.

உடனே கல்லூரிப் பெண் ஒருத்தி அகலேகாவைக் கிளப்பினாள். மொரீஷியசுக்குச் சொந்தமான அந்தச் சின்னத் தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஓடுதளமும் துறைமுக மேடையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. படைத்தளம் இல்லை என்கிறது மொரீஷியஸ் அரசு. அங்கே இருக்கிற சுமார் 300 பேரில் பலருக்கு அந்தப் பயம் போகவில்லை. இதைத் துண்டறிக்கையில் போடுவதா? பாதிப்பேர் கூடாது என்றார்கள். நான் போடவேண்டும் என்ற பக்கம். நம் கொடி பறந்தால் கேள்வி கேட்கமாட்டோம் என்றால் அமெரிக்காவைக் கேட்க என்ன வாய் இருக்கிறது?

"நான் எண்பத்தெட்டுல அமைதிப்படையில சாவகச்சேரியில இருந்தவன். நம்ம ஆளுங்கள இதுல சேக்காதீங்க" என்றார் ஐயா. அக்கா நிமிர்ந்தார். "நாங்களும் சாவகச்சேரிதான் ஐயா. உங்கட செக்பாயின்ட்ல அப்பாவை வெயிலுக்க நிக்க வச்சவை." ஐயா மறுக்கவில்லை. "நின்னிருப்பாரும்மா. எல்லாரையும்தான் நிக்க வச்சோம்" என்றார்.

அகலேகா பத்தி சேர்ந்தது.

ஆகஸ்ட் 2

அச்சுக்குப் போனது. கடைசிப் பத்தி பிரிட்டனும் மொரீஷியசும் மே 22 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் பற்றி: தீவுகள் மொரீஷியசுக்கு, டியாகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்கு. 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொல்லி, ஐ.நா.வில் 116 நாடுகள் பிரிட்டனுக்கு எதிராக வாக்களித்ததன் விளைவு. இந்தியாவும் வரவேற்றது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ்காரர்களுக்கு நாற்காலி இல்லை. டியாகோ கார்சியாவில் அவர்கள் குடியேறவும் வழி இல்லை.

ஆகஸ்ட் 6

ஒரு மணி நேரத்துக்கு அனுமதி. பஸ்ஸுக்கு நின்றவர்கள்தான் கூட்டம். பூக்கூடையோடு நின்ற அம்மா, "அந்த ஜனம் இப்ப எங்க கீது?" என்று கேட்டார். மொரீஷியஸ், செஷல்ஸ், அப்புறம் லண்டனுக்குத் தெற்கே கிராலி என்ற ஊர் என்றேன். "அங்கயாவது தென்னை கீதா?" என்றார்.

சுபேதார் ஐயா மைக்கைப் பிடித்து சாகோஸ் வரை எங்களோடு வந்தார். அகலேகாவில் எங்களைக் கிழித்துவிட்டார். மீதி வாதம் அவர் வீட்டுத் திண்ணையில், கம்மவான்பேட்டையில். அக்காவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். தேதியை அவர் சொல்லவேண்டும்.