எச்சில் கொடுத்துக் கொழுப்பு அறிந்த கதை

என்னை யாரும் குண்டன் என்று சொன்னதில்லை. உயரம் 169 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. உயரத்துக்கேற்ற எடையா என்று சொல்லும் பி.எம்.ஐ. எண் 22.4, அட்டவணைப்படி குறை சொல்ல முடியாத உடம்பு. ஆனாலும் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது.

உடற்பயிற்சிக் கூடத்தில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் கருவி, காலையில் கொழுப்பு 21 சதவீதம் என்றது. மதியம் சாப்பிட்டு, இரண்டு சொம்பு மோரும் குடித்துவிட்டு ஏறினேன்: 23. அந்தக் கருவி கொழுப்பைப் பார்ப்பதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு காலில் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி மறு காலில் வாங்குகிறது. உடம்பின் நீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். தடையிலிருந்து நீரை ஊகித்து, நீரிலிருந்து தசை, எலும்பு முதலான கொழுப்பற்ற பகுதியை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடுகிறது. குடித்த மோர் எடையில் ஏறியது, மின்தடையை அவ்வளவாக அசைக்கவில்லை. ஆகவே மோரும் கொழுப்பாகிவிட்டது.

கால்நடை மருத்துவரான என் மைத்துனர் சிரித்தார். மாட்டின் வால் அடியையும் இடுப்பெலும்பையும் கையால் அழுத்திப் பார்த்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதே அவர் வழக்கம். "உங்கள் இயந்திரத்துக்கு என் விரல் எவ்வளவோ தேவலை, மாப்பிள்ளை" என்றார். உடல் கொழுப்பை அளக்கும் ஓர் ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று சொல்லி அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

அங்கே குடிக்கக் கொடுப்பது கனநீர் என்றதும் அம்மா பதறிவிட்டார். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், கனநீர் ஆலை எங்கள் ஊரில் பிரசித்தம். "ஏன் ஐயா, அணு உலைக்கு ஊற்றுவதையா குடிக்கப் போகிறாய்?" அதேதான். ஆனால் அதில் கதிர்வீச்சு கிடையாது. அதிலுள்ள ஹைட்ரஜன், டியூட்டீரியம் என்னும் கனத்த வகை; அவ்வளவே. குழாய்த் தண்ணீரிலும் அது துளியளவு உண்டு. 1934இலேயே ஹெவெசி, ஹோஃபர் என்னும் விஞ்ஞானிகள் இதைக் குடித்து மனித உடலின் நீரைக் கணக்கிட்டார்கள்.

முறை ரசத்துக்கு உப்புப் பார்ப்பது போலத்தான். போட்ட உப்பின் அளவு தெரியும், கரைந்தபின் கரிப்பும் தெரியும் என்றால், பாத்திரத்தில் எவ்வளவு ரசம் என்று சொல்லிவிடலாம். இங்கே உப்பு கனநீர், ரசம் உடம்பின் நீர், ருசி பார்க்கும் துளி எச்சில். வெறும் வயிற்றோடு போனேன். சிறுநீர் கழித்துவிட்டு எடை பார்த்தார்கள். பஞ்சை மென்று முதல் எச்சில் கொடுத்தேன். பிறகு துல்லியமாக நிறுத்த 30 கிராம் கனநீர்.

அங்கேதான் சொதப்பினேன். புட்டியை அண்ணாந்து குடித்துப் பழகிய கை. நாலு சொட்டு சட்டையில் விழுந்தது. ஆய்வாளர் முகம் வாடிவிட்டது. உள்ளே போன அளவு தெரியாவிட்டால் கணக்கே இல்லை. குடித்ததில் பாதி வெளியேறவே ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை உறிஞ்சுகுழல் கொடுத்தார்கள். புட்டியைக் கழுவிய நீரையும் குடிக்க வைத்தார்கள். குடித்து மூன்று மணி நேரம் கழித்தும் நான்கு மணி நேரம் கழித்தும் மறுபடி எச்சில். இடையில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. நாக்கு வறண்டவனிடம் பஞ்சைக் கொடுத்து எச்சில் கேட்பது கொடுமை. எலுமிச்சை ஊறுகாயை நினைத்துச் சமாளித்தேன். மாட்டுக்கு இப்படிச் செய்வதானால், முன்வயிற்றில் குடம் குடமாகக் கிடக்கும் நீரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ என்று மைத்துனரை நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது: உடல் நீர் 33.4 கிலோ. கொழுப்பற்ற உடலில் 73.2 சதவீதம் நீர் என்று வைத்து வகுத்தால் 45.6 கிலோ. மீதி 18.4 கிலோ கொழுப்பு. ஏறத்தாழ 29 சதவீதம்! அந்த 73.2 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1945இல் பேஸ், ராத்பன் என்னும் ஆய்வாளர்கள் கினிப்பன்றி முதலான பிராணிகளை வைத்து நிலைநாட்டிய எண்ணாம். எல்லா மனிதருக்கும் அது அப்படியே பொருந்தாது என்று ஆய்வாளரே ஒப்புக்கொண்டார். ஆனால் என் அதிர்ச்சியை அவர் பொருட்படுத்தவில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படத்தைக் காட்டினார். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, கொழுப்பு மட்டும் ஒருவருக்கு 21.2 சதவீதம், மற்றவருக்கு 9.1. அதிகம் நம் நாட்டு யாஜ்னிக்குக்குத்தான் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"18 கிலோவா? இந்த உடம்பில் எங்கே ஐயா வைத்திருக்கிறாய்?"

கனநீர் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எங்கே என்று சொல்லாது. அதற்காக டெக்ஸா ஸ்கேன் மேசையில் சில நிமிடம் அசையாமல் படுத்தேன். மெல்லிய எக்ஸ்ரே கற்றை உடல் முழுவதும் ஓடியது. கை கால்களில் கொஞ்சம்தான். பெரும்பங்கு இடுப்புக்கும் மார்புக்கும் இடையில், சட்டையைத் தளர்வாகத் தைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்தது.