பழைய பிரிடேற்றர் கியூவா, புதுசா?

வெளிநாட்டில இருந்து வாறவையிட்டைச் சொல்லி பூல் விளையாட்டில பந்தடிக்கிற தடி, கியூ, எடுப்பிக்கிற பெடியள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இப்ப கன பேர். பிரிடேற்றர் கொம்பனிக் கியூ எண்டால் குழப்பம் ஒண்டுதான்: மேல்துண்டு பழைய 314 மரத்தடியா, புது ரேவோ காபனா?

ரெண்டின்ர நோக்கமும் ஒண்டு. நுனிப் பாரத்தைக் குறைச்சால், சைட் போட்டு, அதாவது பந்தின்ர பக்கத்தில அடிச்சுச் சுழற்றேக்க, வெள்ளைப் பந்து கோட்டை விட்டு விலகிறது குறையும். 314 மேப்பிள் துண்டுகளை ஒட்டிச் செய்தது, நுனி 12.75 மி.மீ. ரேவோ 11.8, 12.4, 12.9 எண்டு வருது. அடிக்கிற சுகம் எண்டால் என்ர வாக்கு மரத்துக்குத்தான்.

ஆனா எங்கட வெயிலுக்கு, தகரக் கூரைக்குக் கீழ சாத்தி வச்சா மரம் வளையும். பழசு வாங்கிறியள் எண்டால் கழட்டி, மேல்துண்டைத் தனியாக மேசையில உருட்டுங்கோ. நடுவில தடிக்கும் மேசைக்கும் இடையில தெரியிற வெளிச்சம் கூடிக் குறைஞ்சா வளைவு. ரெண்டு துண்டும் தனித்தனிய நேர், பூட்டினால் மட்டும் ஆடுது எண்டால் மூட்டு முகத்தைத் துடைச்சுப் பாருங்கோ, அனேகமா ஊத்தைதான். 314 நுனியை வேணியர் அளவுகோலால அளக்க 12.5 காட்டினா, ஆரோ கண்டபாட்டுக்கு அரத்தாள் போட்டிருக்கினம்.

காபனுக்கு அரத்தாளே வேண்டாம், அற்ககோல் துணி காணும். ரிப் (நுனியில ஒட்டிற தோல்) மாத்தேக்க பக்கத்தைப் பிளேட்டால சீவவும் கூடாது, கடைசல் மெசின் வச்சிருக்கிறவையிட்டைக் குடுங்கோ.

பழைய பட்டுக்கு (கீழ்த்துண்டுக்கு) புது ரேவோ எடுக்கிறவை முதல்ல மூட்டு ஆணியைப் படமெடுத்து, வாங்கித் தாறவைக்கு அனுப்புங்கோ. ரேடியல், யூனிலொக் எண்டு ரெண்டு வகை மூட்டு, ஒண்டுக்கொண்டு ஏறாது.