‘மிக மோசமான அணி’ என்று எழுதிய விடிகாலை

2024 செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் 4-1 என்று தோற்று அந்தப் பருவத்தின் 121ஆவது தோல்வியைத் தொட்டபோது விளையாட்டுச் செய்தியாகக் கைபேசிகளுக்கு நான் அனுப்பிய ஒற்றை வரியைப் பற்றி, அதற்குப் பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. வாடிக்கையாளர் கேட்கவில்லை, மேலாளரும் கேட்கவில்லை. அனுப்புவதற்கு முன் கேட்டவர் ஒரே ஒருவர், எனக்குக் கீழே தகவல் சரிபார்ப்பில் இருந்த பெண். அனுப்பிய பிறகு அவரும் கேட்கவில்லை என்பதுதான் இன்று வரை என்னைத் தொந்தரவு செய்கிறது.

நான் எழுதியது: “நவீன பேஸ்பால் வரலாற்றின் மிக மோசமான அணி.” அவர் திருத்தி வைத்திருந்தது: “1900க்குப் பிறகு ஒரே பருவத்தில் மிக அதிகத் தோல்விகளைச் சந்தித்த அணி.” கைபேசித் திரையில் என்னுடையது ஒரே வரியில் அடங்கியது. அவருடையது இரண்டாம் வரிக்கு வழிந்தது.

என் பொறுமையின்மைக்குக் காரணம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். செப்டம்பர் 22 அன்றே அவர்கள் 120 தோல்விகளை எட்டி, 1962இல் நியூயார்க் மெட்ஸ் வைத்த அதிகபட்சத் தோல்விக் கணக்கைச் சமன் செய்துவிட்டார்கள். அடுத்த தோல்விக்கான செய்தி அன்றிரவே தயாரானது. ஆனால் சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான மூன்று ஆட்டங்களையும் அவர்கள் வென்றார்கள். அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அணியின் வெற்றியால் எரிச்சலடைந்தவர்கள் உலகில் இருந்திருந்தால் அது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். மூன்று விடிகாலைகளில் அந்தச் செய்தியைத் திறந்து, தேதியை மாற்றி, மூடி வைத்தோம். நான்காவது விடிகாலையில், அங்கே வெள்ளிக்கிழமை இரவாக இருந்தபோது, அனுப்பும் பொத்தானின் மேல் என் விரல் இருந்த நேரத்தில்தான் அவர் கேட்டார்.

“மோசம்னு எதை வெச்சு சார் சொல்றோம்?”

“121 தோத்தவனை வேற என்னம்மா சொல்றது?”

“தோல்வி எண்ணிக்கை வேற, மோசம் வேற சார். இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கே.”

அவர் கையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தது. அதில் மூன்று வகுத்தல்கள், வெற்றிகளை மொத்த ஆட்டங்களால் வகுத்தவை. சிகாகோ, 39 வெற்றி 121 தோல்வி, 0.244. மெட்ஸ், 40 வெற்றி 120 தோல்வி, 0.250. 1916இன் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ், 36 வெற்றி 117 தோல்வி, 0.235. தாளை நான் வாங்கவில்லை. வாங்காமலே படித்தேன் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் மேலே இருந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து, சிகாகோதான் குறைவு, ஆகவே நான் சொல்வது சரி என்று முடிவு செய்து பொத்தானை அழுத்தினேன். அதுகூடப் பின்னால் நானே எனக்காகப் பூசிக்கொண்ட மெருகாக இருக்கலாம். அழுத்தியபோது நான் எதையுமே ஒப்பிட்டிருக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

“சரி சார்” என்றார். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் ‘சரி’ தெரியும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விகித வாதம் நுணுக்கம் பிடித்த வேலையாகத் தெரியலாம். ஆனால் ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடும் விளையாட்டில் எல்லோரும் நிறையத் தோற்பார்கள். அதே 2024இல் ‘உலகத் தொடர்’ என்ற சாம்பியன் பட்டத்தை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி முறையான பருவத்தில் 64 முறை தோற்றது. அந்த 162 என்ற எண்ணிக்கையே 1960களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன் பருவத்துக்கு 154 ஆட்டங்கள் என்பதால், ஓர் அணி எவ்வளவு மோசமாக ஆடினாலும் தோற்பதற்கு அதற்கு எட்டு வாய்ப்புகள் குறைவாகவே இருந்தன. 1914இல் லீக் பட்டம் வென்ற அணியைக் கலைத்துவிட்டு மேலாளர் கோனி மேக் 1916இல் களமிறக்கிய அத்லெட்டிக்ஸுக்கு 121 தோல்விகளை எட்ட நாள்காட்டியே போதவில்லை. அந்தப் பெண் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை அவர்கள் தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்று, 1988இன் பால்டிமோர் ஓரியோல்ஸ் வைத்திருந்த அமெரிக்கன் லீக் (பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகளில் ஒன்று) கணக்கைச் சமன் செய்தார்கள். ஓக்லாந்தில் 5-1 என்று வென்று அந்தத் தோல்வித் தொடரை முடித்த இரண்டாம் நாளே அணியின் மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். இரவு இரவாக அந்த ஆட்டங்களின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவன் நான். ஒரு சொல்லில் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? அதே இரவுகளில்தான் அதே அணியின் பந்து வீச்சாளர் காரெட் குரோஷே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், 146 இன்னிங்ஸ் வீசி 209 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் நான்தான் சரிபார்த்தேன். என் சொல்லுக்குள் அவரும் அடங்கிவிட்டார்.

சனிக்கிழமை சிகாகோ வென்றது, விகிதம் 0.248. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வென்று 41-121 என்று பருவத்தை முடித்தார்கள், 0.253. மெட்ஸைவிட ஒரு மயிரிழை மேல். “இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கே” என்றதன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக் கடத்தப் பார்க்கிறார் என்று அதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மீதிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

ஆகவே மெட்ஸுடன் ஒப்பிட்டால் என் வரி அனுப்பிய கணத்தில் உண்மை, இரண்டு நாளில் பொய். 1916உடன் ஒப்பிட்டால் அனுப்பிய கணத்திலேயே பொய். 1916 வேறொரு காலம், அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்று சில நாள் வாதாடிப் பார்த்தேன். ஆனால் 1900க்குப் பிந்தைய காலத்தைக் குறிக்கும் ‘நவீன’ என்ற சொல்லைப் போட்டதே நான்தான். 1899இல் 20 வெற்றி 134 தோல்வி என்று முடித்த கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸை வெளியே தள்ளுவதற்காக அதைப் போட்டேன். வேண்டாத ஒருவரை வெளியேற்ற வசதியாக இருந்த எல்லைக்கோடு, இன்னொருவரை உள்ளே விட்டுவிட்டது.

திங்களன்று திருத்தம் அனுப்பியிருக்கலாம். அனுப்பிய நேரத்தில் சரியாக இருந்த செய்திக்குத் திருத்தம் தேவையில்லை என்பது எங்கள் விதி. அந்த விதியின் நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். அவர் அன்று என் இருக்கையைக் கடந்து இரண்டு முறை போனார். ஒரு முறையாவது நின்று, பார்த்தீர்களா சார் என்று கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், விஷயமும் அன்றே தீர்ந்திருக்கும்.

அந்த ஆண்டு அவருடைய பணி மதிப்பீட்டை எழுதியவனும் நான்தான். நல்ல மதிப்பெண்தான் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில் மட்டும் “சிறு விஷயங்களில் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்” என்று எழுதியிருந்தேன். வேகம்தான் எங்கள் தொழிலின் உயிர், ஆகவே அந்தக் குறிப்பு பொய்யில்லை. அவர் பின்னர் வேறு வேலைக்குப் போனதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

2025இல் ஒயிட் சாக்ஸ் 102 முறை தோற்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னணிக் குறிப்பில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட வரி, “கடந்த ஆண்டு வரலாற்றின் மிக மோசமான அணியாக இருந்த சிகாகோ.” எப்போதோ யாரோ இடத்தை மிச்சம் பிடிக்க ‘நவீன’வையும் வெட்டிவிட்டார்கள். மாற்றும் அனுமதி எனக்கு உண்டு. ஒரு விடிகாலையில் திறந்து, அவர் எழுதியிருந்ததைப் போலவே தட்டச்சு செய்தேன். வரி இரண்டாம் வரிக்கு வழிந்து, கீழே இருந்த புள்ளிப் பட்டியலின் தலைப்பை மறைத்தது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பழையபடியே ஆக்கி மூடினேன்.