முதல் டிரையத்லானும் சர்க்கரை நோட்டும்

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை அடங்கிய ஸ்பிரிண்ட் வகை டிரையத்லானை முதன்முறையாக முடித்தேன். இன்சுலின் போட்டுக்கொண்டே இதற்குத் தயாராக விரும்புவோருக்காக, ஏழு மாதப் பயிற்சியில் நான் கற்றதை எழுதுகிறேன். இன்சுலின் அளவை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்; அது ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்றில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது நீச்சல்தான். நான் நீந்திப் பழகிய, இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரை பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால், வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசிக்கு முன்புவரை காலையில் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். பயிற்சியின் இரண்டாம் மாதம் ஒருநாள், காலை இட்லிக்கு இன்சுலின் போட்ட ஒரு மணி நேரத்தில், இரத்தச் சர்க்கரை 104 (மி.கி./டெ.லி.) என்று பார்த்துவிட்டு இறங்கினேன். சிறிது நேரத்தில் கைகள் நடுங்கின. தண்ணீர் குளிர்கிறது என்றே நினைத்தேன். பக்கத்தில் வள்ளத்தில் துணைக்கு வந்த மீனவர், "தம்பி, கை சுத்துறது கோணுது, போதும், ஏறுங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கினார். வள்ளத்தில் வைத்துப் பார்த்தபோது 58, ஆபத்தான தாழ்சர்க்கரை. கரையில் என்றால் வியர்வை காட்டிக்கொடுத்திருக்கும்; கடலுக்குள் வியர்வையும் தெரியாது, நடுக்கத்தையும் குளிர் என்று மனம் ஏமாற்றிக்கொள்ளும். அந்த அண்ணன் அன்று இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தாழ்சர்க்கரை வரக்கூடியவர் ஒருபோதும் தனியாகக் கடலில் இறங்கக் கூடாது.

அதன்பின் மருத்துவருடன் பேசி எனக்கென ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு இன்சுலின் போட்டு மூன்று மணி நேரம் கழியாமல் நீந்துவதில்லை. 15 நிமிட இடைவெளியில் இருமுறை சோதித்து, அளவு 150-க்கு மேல் இருந்து, இறங்குமுகமாகவும் இல்லையென்றால்தான் நீரில் கால் வைப்பேன். ஓர் எண் மட்டும் பார்த்தால் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியாது. 250-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப்பொருள்) பார்க்காமல் பயிற்சியே இல்லை. உழைக்கும் தசையருகே போட்ட ஊசி வேகமாக ஏறும் என்பதால், ஓட்டமோ சைக்கிளோ உள்ள நாளில் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போட்டுக்கொள்கிறேன்.

சைக்கிளுக்கு, தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை சென்று திரும்பும் சாலை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வரும். போட்டித் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் போகும்போது முதுகைத் தள்ளும் காற்று திரும்பும்போது நெஞ்சில் மோதுகிறது. உழைப்பு கூடுவதால், என் நோட்டில் பதிந்த தாழ்சர்க்கரைகளில் பெரும்பாலானவை திரும்பும் வழியிலேயே வந்திருக்கின்றன. ஆகவே முனையில் இறங்கிச் சோதித்து, கடலைமிட்டாயோ பேரீச்சையோ சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவேன். விடியற்காலையில் அங்கே கடை இராது. குளுக்கோஸ் பொட்டலத்தை ஈரம் புகாத பையில் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். இன்சுலின் பேனாவை வெயிலில் விடக் கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் ஈர மண்பானைக்குள் வைக்கலாம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெறுங்காலோடு மணலில் ஓடாதீர்கள். சிப்பி கிழித்த காயம் நமக்கு எளிதில் ஆறாது. ஓடி முடித்ததும் விரலிடுக்குகளைப் பாருங்கள்.

போட்டியன்று மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் மீட்டரையும் குளுக்கோஸையும் வைத்திருந்தேன். தொடக்கப் பதற்றத்தில் அளவு 210-க்கு ஏறியது. அதற்காகக் கூடுதல் இன்சுலின் போடவில்லை, நீச்சல் முடிவதற்குள் அது தானே இறங்கியது. நீண்ட உழைப்புக்குப் பிறகு 24 மணி நேரம்வரை சர்க்கரை இறங்கலாம் என்பதால், அன்றிரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். 78 இருந்தது. ஒரு வாழைப்பழமும் அரைத் தம்ளர் பாலும் எடுத்துக்கொண்டு, கால்மணி கழித்து மறுபடி சோதித்து, நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன்.