பறிக்கக்கூடிய குடியுரிமை

இரட்டைக் குடியுரிமை உள்ள ஒருவர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதினால், அவருடைய குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரம் இன்று பல அரசுகளிடம் இருக்கிறது. பயங்கரவாத அமைப்பில் சேர்ந்தவர்மீது எனக்குப் பரிவு இல்லை. அவரை விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்பதில் ஐயமும் இல்லை. ஆனால் ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் ஒருவர் சிறைக்குப் போக, பெற்றோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதற்காகவே மற்றவர் நாட்டையும் இழப்பார் என்றால், அதை நீதி என்று ஏற்க என்னால் முடியவில்லை.

இந்தப் பாகுபாட்டின் வேர் ஒரு நல்ல விதியில் இருக்கிறது என்பதுதான் விந்தை. நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒருவரை நாடற்றவராக்கும் பறிப்பைத் தடுக்கிறது. ஆகவே வேறு குடியுரிமை இல்லாதவர் தப்பிக்கிறார். இருப்பவரோ, இருப்பதாகச் சொல்லப்படுபவரோ மாட்டிக்கொள்கிறார்.

'சொல்லப்படுபவர்' என்பதற்கு ஷமீமா பேகம் வழக்கே சான்று. லண்டனில் பிறந்து, 2015இல் தம் 15ஆம் வயதில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பில் சேரச் சிரியாவுக்குச் சென்ற அவரை, 2019 பிப்ரவரியில் ஒரு முகாமில் செய்தியாளர் கண்டுபிடித்த சில நாட்களிலேயே, அவருடைய குடியுரிமை பறிக்கப்படுகிறது என்ற கடிதம் பிரிட்டனில் இருந்த தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பெற்றோர் வழியாக அவர் வங்கதேசக் குடிமகள் என்றது பிரிட்டன். அவர் எங்கள் குடிமகளே அல்ல, உள்ளே விடமாட்டோம் என்றது வங்கதேசம். வங்கதேசச் சட்டப்படி 21 வயது வரை அந்த உரிமை அவருக்கு இருந்தது, பறித்த நாளில் அவருக்கு வயது 19, எனவே அன்று அவர் நாடற்றவர் அல்லர் என்பதே பிரிட்டன் தீர்ப்பாயத்தின் முடிவு. 2024இல் மேல்முறையீடும் தோற்றது. கணக்கு சரிதான், போவதற்கு ஒரு நாடுதான் இல்லை.

ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தவரும் ஃபிஜி வழித் தந்தைக்குப் பிறந்தவருமான நீல் பிரகாஷின் குடியுரிமையை ஆஸ்திரேலியா பறித்தபோது, அவர் எங்கள் குடிமகன் அல்லர் என்று ஃபிஜியும் இப்படித்தான் கைவிரித்தது. முதலில் பறிக்கும் நாடு தன் பொறுப்பை அடுத்த நாட்டின் தலையில் கட்டுகிறது. அந்த மனிதரோ எங்கோ ஒரு முகாமில் அல்லது சிறையில் அப்படியே இருக்கிறார். இதில் யாருடைய பாதுகாப்பு கூடியது?

கனடா 2014இல் இத்தகைய சட்டத்தை இயற்றி, ஆட்சி மாறிய பின் 2017இல் நீக்கியது. டொராண்டோவில் குண்டு வைக்கத் திட்டமிட்ட பயங்கரவாதச் சதி வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு அதனால் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் சிறையிலேயேதான் இருந்தார். சிறை செய்ய வேண்டிய வேலையைச் சிறை செய்துகொண்டிருந்தது.

யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவான விடை தந்தது: இத்தகைய பறிப்பு தண்டனையே, அதை அமைச்சர் விதிக்க முடியாது. 2023இல் வந்த புதிய சட்டம், குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகு, அமைச்சரின் விண்ணப்பத்தின் பேரில் நீதிமன்றமே முடிவெடுக்கும் என்கிறது. முன்பிருந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் அந்தச் சட்டமும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை மட்டுமே தொடுகிறது.